மனைத் தரகும் மார்க்கமும்

சென்ற மாதம் வாசக அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் நம் பார்வைக்கு வந்தது. தம் தகப்பனார் விட்டுச் சென்ற மனையை 18 லட்சத்துக்குக் குறையாமல் விற்றுத் தரும்படி ஒரு தரகரிடம் அவர் ஒப்படைத்திருக்கிறார். தரகர் அதை 20 லட்சத்துக்கு விற்றார். ஆனால் வாசகர் கையில் 18 லட்சத்தைத்தான் கொடுத்தார்; பேசியபடி கமிஷனையும் தனியாகப் பெற்றுக் கொண்டார். விஷயம் பின்னால் வெளியானபோது, “நீங்கள் கேட்ட விலை உங்களுக்கு வந்துவிட்டது, மேலே வந்தது என் சாமர்த்தியம்” என்று சொல்லிவிட்டாராம். இந்த இரண்டு லட்சம் அவருக்கு ஹலாலா? இனிமேல் ஒரு தரகரை எதைப் பார்த்து அமர்த்துவது? இவையே கடிதத்தில் உள்ள இரு கேள்விகள்.

முதல் கேள்வியின் விடைக்குள்ளேயே இரண்டாவதன் விடையில் பாதி இருப்பதால் அதை முதலில் எடுத்துக் கொள்வோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து, ஓர் ஆடு வாங்கி வரும்படி அனுப்பினார்கள். அவர் சந்தைக்குச் சென்று அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். பிறகு அவற்றில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, கையில் ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டு வந்து பெருமானாரின் சமூகத்தில் வைத்தார். புகாரி ஷரீஃபில் இடம் பெற்றுள்ள செய்தி இது. “கேட்டது ஓர் ஆடு, ஆடு வந்துவிட்டது, தீனார் என் சாமர்த்தியம்” என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருக்கவே செய்தது. அவர் சொல்லவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகப் பெருமானார் துஆச் செய்தார்கள். அதன் பிறகு அவர் மண்ணை வாங்கினாலும் அதில் லாபம் காண்பவராக ஆனார் என்று அறிவிப்பாளர் கூறுகிறார். மண்ணையே தொழிலாகக் கொண்ட நம் தரகர்கள் இதைச் சற்று நின்று கவனிப்பது நல்லது.

இதில் மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. “இந்தத் துணியை விற்றுக் கொடு, இன்ன தொகைக்கு மேல் கிடைப்பது உனக்கு” என்று சொல்லி ஒப்படைப்பதில் குற்றமில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களும் அவ்வாறே கூறியுள்ளார்கள். தரகுக் கூலி பற்றிய பாடத்தில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இவ்விரண்டையும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் பிற்கால இமாம்களில் பெரும்பாலோர், கூலியின் அளவு தெரியாமல் இருப்பதால் அந்தப் பேச்சு செல்லாது, அத்தகைய வேலைக்கு ஊரில் வழக்கமாக உள்ள கூலியையே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும் ஒன்று மாறாது: மேலே வருவது தரகருக்கு என்பது முன்கூட்டிப் பேசப்பட்டிருக்க வேண்டும். நம் வாசகர் விஷயத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை. கமிஷனும் வேறாகப் பேசப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த இரண்டு லட்சம் வாசகருடைய பணம்; அவருடைய தகப்பனாருக்கு வேறு வாரிசுகள் இருந்தால் அவர்களுடையதும்கூட. ஒருவருக்காகச் செயல்படும் முகவர் அந்த வகையில் பெற்ற தொகை முழுவதையும் அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்றுதான் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் கூறுகிறது.

இனித் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம்.

தரகுத் தொழிலையே இழிவாகப் பேசும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது தவறு. பெருமானாரின் காலத்து மதீனாவில் சந்தையில் இருந்தவர்கள் ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள், என்றே அழைக்கப்பட்டு வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களிடம் வந்து, வியாபாரிகள் என்னும் அதைவிட அழகிய பெயரால் அவர்களை அழைத்தார்கள். வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்து விடுகின்றன, ஆகவே அதில் ஸதக்காவைக் கலந்து கொள்ளுங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். கைஸ் இப்னு அபீகரஸா (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். தொழிலில் குற்றமில்லை, கூலியிலும் குற்றமில்லை. நாக்கில்தான் ஆபத்து.

ஆகவே தரகரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘என்ன விலைக்கு முடியும்?’ என்பதன்று. ‘நீங்கள் யாருடைய ஆள்?’ என்பதே. விற்பவர் அனுப்பிய ஆளா, வாங்குபவருக்காக அலைபவரா, இருவருக்கும் நடுவில் நிற்பவரா? நம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரு தரப்பிலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று வாங்குகிறார்கள். இது கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹனஃபீ மத்ஹபின் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறார்கள்: உரிமையாளரின் அனுமதியுடன் தரகரே நின்று விற்றால் கூலி விற்பவர் மீது, இருவருக்கும் இடையில் அலைந்து பேசி முடித்து, உரிமையாளர் தாமே விற்றால் ஊர் வழக்கம் எதுவோ அது. ஆக, இரு பக்கமும் வாங்குவது ஊர் வழக்காக இருந்து, இருவருக்கும் தெரிந்தும் இருந்தால் தடையில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். இரு பக்கமும் வாங்குபவர், விலை முடிய வேண்டும் என்று விரும்புபவர். உங்களுக்கு விலை குறைய வேண்டும் என்று விரும்புபவர் அல்லர். அவரிடம் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘இந்த விலை நியாயமா?’ என்பதை அவரிடம் கேட்காமல், அந்தத் தெருவில் அண்மையில் வாங்கியவரிடம் கேளுங்கள்.

கூலியை முதல் நாளே எழுத்தில் முடித்துக் கொள்வது அவசியம். எவ்வளவு, யார் கொடுப்பது, அச்சாரத்தன்றா பத்திரத்தன்றா, பேச்சு முறிந்தால் உண்டா இல்லையா என்று நாலு வரி போதும். “நமக்குள் என்ன, பார்த்துக் கொடுங்கள்” என்று ஆரம்பிப்பவர்தான் பத்திரத்தன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் குரல் உயர்த்துவார். மற்றொன்று, நாலைந்து பேர் சங்கிலியாக வருவது. டீக்கடையில் ‘அந்த வீடு விலைக்கு வருதாம்’ என்று சொன்னவர் முதல் ஆள். போன் நம்பர் கொடுத்தவர் இரண்டாவது ஆள். கடைசியில் ஆளுக்கொரு பங்கு. அலுப்புத் தராத ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது, அந்த வார்த்தையால் சரக்கு விலை போனாலும் செல்லாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். நம் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் கிதாபு அது. ஆகவே ஒருவரிடம் மட்டும் பேசி, மற்றவர்களை அவர் பார்த்துக் கொள்ளட்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

யாரை அமர்த்துவது என்பதற்குத் திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் (28:26) ஓர் அளவுகோல் இருக்கிறது. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகளார், மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தம் தந்தையிடம் கூறும்போது, அமர்த்துவதற்குச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்று இரண்டையும் சேர்த்துக் கூறுகிறார். இரண்டையும் அவர் கண்ணால் கண்டிருந்தார். கிணற்றடிக் கூட்டத்தில் தங்கள் ஆடுகளுக்கு அவர் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததைக் கண்ட பிறகே அப்படிச் சொன்னார். நம்மவர்கள் ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றை விட்டு விடுகிறார்கள். தரகருக்கு வலிமை என்பது தொழில் அறிவு. தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம், பட்டா, அளவு வரைபடம் ஆகியவற்றை நாம் கேட்பதற்கு முன்பே எடுத்து வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். மனைப் பிரிவு என்றால் அங்கீகார எண்ணைச் சொல்ல வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, சேமிப்பையெல்லாம் மனையில் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தன. ‘பஞ்சாயத்து அப்ரூவல் போதும்’ என்று அவர்களிடம் சொன்னவர்களும் தரகர்களே. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகே பலருக்கு மூச்சு வந்தது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடிகளும் ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றை விற்றுக் கொடுக்கும் முகவரும் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம். விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதாக இருந்தால் கட்டுபவர் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. பழைய வீட்டைக் கைமாற்றித் தரும் ஊர்த் தரகருக்கு இந்த எண் தேவையில்லை. எண் இல்லை என்பதற்காக மட்டும் அவரைத் தள்ளிவிட வேண்டாம்.

எண்ணும் சரி, பத்திரமும் சரி, வில்லங்கமும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் நஷ்டம் வருவது உண்டு. இதை எழுதும் நாமே அதில் ஒரு காரணமாக இருந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில் நாம் இமாமத் செய்து கொண்டிருந்தோம். சவூதியில் வேலை பார்க்கும் சபுராளி ஒருவர் நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். “ஹஜ்ரத், ஒரு பழைய வீடு பார்க்கணும், நம்பிக்கையான ஆள் ஒருத்தரைச் சொல்லுங்க” என்றார். நாம் சற்றும் யோசிக்காமல் ஒருவரைச் சொன்னோம். ஃபஜ்ரு ஜமாஅத்தில் முதல் ஸஃப்பில் நிற்பவர். ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி தருபவர். அவர் 14 லட்சத்தில் ஒரு வீட்டைக் கொண்டு வந்தார். உரிமையாளர் மவுத்தாகிவிட்டார், மூன்று ஆண் மக்கள் கையெழுத்துப் போட ஆயத்தமாக இருந்தார்கள். வில்லங்கம் சுத்தமாக இருந்தது. வாரிசுச் சான்று கொஞ்சம் தாமதமாகும் என்றார்.

பேச்சு நடந்து கொண்டிருக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து சபுராளியின் தாயார், “தம்பி, அந்த மனுஷருக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை இருந்துச்சே, வெளியூர்ல கட்டிக் கொடுத்தாங்களே, அது கையெழுத்துப் போட வேண்டாமா?” என்று கேட்டார். தரகர் சிரித்துக் கொண்டே, “அதுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டு எல்லாம் பேசி முடிச்சாச்சு உம்மா” என்றார். அந்த இடத்தில் நாமும் உட்கார்ந்திருந்தோம். ஃபராயிள் பாடம் நடத்துகிறவர் நாம். கல்யாண நகை வாரிசுப் பங்கை அழிக்காது, தகப்பன் உயிரோடிருக்கும்போது பேசிய பேச்சு அவர் இறந்த பின் உண்டாகும் உரிமையை நீக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர். அன்று நாம் வாய் திறக்கவில்லை. லீவு முடியப் போகிறது, நல்ல காரியம் தடைப்பட வேண்டாம் என்று இருந்துவிட்டோம்.

எட்டு மாதம் கழித்து அந்தச் சகோதரியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மூன்று ஆண் மக்களுக்கு இரண்டிரண்டு பங்கு, அவருக்கு ஒரு பங்கு, ஏழில் ஒன்று. 14 லட்சத்தில் இரண்டு லட்சம். அண்ணன்மார் பணத்தைப் பிரித்துச் செலவு செய்துவிட்டிருந்தார்கள். சபுராளிதான் இன்னொரு முறை கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். ஊரோடு வந்துவிட வேண்டும் என்று இருந்தவர் அதற்காக மேலும் இரண்டு ஆண்டுகள் சபுரிலேயே கழித்தார். தரகரிடம் கேட்டபோது, “கேட்ட பேப்பரையெல்லாம் காட்டினேன்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சகோதரியின் விலாசம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது பின்னால் தெரிந்தது.

வில்லங்கம் என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல்தான். ஒருவர் இறந்ததும், அவருக்குப் பெண் மக்கள் இருப்பதும் அதில் வருவதில்லை. நம் சமுதாயத்தில் வாய்மொழியாகச் செய்து கையில் ஒப்படைத்துவிட்ட ஹிபாவும் அதில் வருவதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அதன் 129-ஆம் பிரிவில் முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்கு அளித்திருப்பதால், பதிவு இல்லாமலும் அது செல்லுபடியாகும். ஆகவே முஸ்லிம் குடும்பத்துச் சொத்தைக் கையாளும் தரகருக்குப் பேப்பர் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. குடும்பத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், படித்ததை வாங்குபவரிடம் சொல்லவும் வேண்டும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு அதை ஏழு பூமிகளிலிருந்தும் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற ஹதீஸ், பங்கை விழுங்கிய அண்ணன்மாருக்கு மட்டும் உரியது என்று தரகர்கள் எண்ணிவிட வேண்டாம்.

நாம் செய்த தவறு எது என்பதை உமர் (ரலி) அவர்களைப் பற்றிக் கிதாபுகளில் வரும் ஒரு நிகழ்ச்சியில் பிறகு கண்டோம். ஒருவருக்காக நற்சான்று கூற மற்றொருவர் வந்தார். இவருடைய அண்டை வீட்டுக்காரரா நீர், இவருடன் பயணம் செய்திருக்கிறீரா, தீனார் திர்ஹமில் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா என்று உமர் (ரலி) அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எதுவும் இல்லை என்றதும், பள்ளியில் இவர் தலையைத் தாழ்த்தி உயர்த்துவதைப் பார்த்திருப்பீர் போலும், உமக்கு இவரைத் தெரியாது என்று கூறிவிட்டார்கள். தொழுகையை இது குறைத்துப் பேசுவதாக யாரும் கருத வேண்டாம். தொழுகை அல்லாஹ்வுக்கும் அவருக்கும் உள்ளது. நம் பணம் அவர் கையில் என்ன ஆகும் என்பதை, இதற்கு முன் பணம் கொடுத்தவர்தான் அறிவார்.

எனவே தரகர் பேச்சு வந்தால், அவர் மூலம் கடைசியாக வாங்கிய இருவர், விற்ற இருவர் வீடுகளைக் கேட்டுச் சென்று விசாரியுங்கள். கொடுக்க மறுப்பவரை விட்டு விடுங்கள். அவருடன் ஓர் இடத்தைப் பார்க்கச் செல்லும்போது, அதன் குறையை நீங்கள் கேட்காமலே சொல்கிறாரா என்று கவனியுங்கள். மழைக்குத் தண்ணீர் நிற்கும், பின் சுவர் பொதுச் சுவர், பாதை பக்கத்து மனைக்காரருக்கும் பாத்தியம் என்று தாமாகவே சொல்பவர் கிடைத்தால், அவர் கேட்கும் கமிஷனில் பேரம் பேசாமல் கொடுத்து விடலாம் என்பது நம் அபிப்பிராயம். உரிமையாளரை நேரில் பார்க்க விடாதவரும், “இன்னொரு பார்ட்டி காலையில் அட்வான்ஸோடு வருகிறார்” என்று இரவில் போன் செய்பவரும் வேறு வகை. அந்தப் பார்ட்டி இல்லாத பார்ட்டியாக இருந்தால் அதுதான் பெருமானார் தடுத்த ‘நஜ்ஷ்’. அதைச் செய்பவர் வட்டி உண்பவருக்கு ஒப்பானவர், மோசடிக்காரர் என்று இப்னு அபீஅவ்ஃபா (ரலி) அவர்கள் கடுமையாகக் கூறியுள்ளார்கள். வேறொருவர் பேசி முடித்த இடத்தை உடைத்து உங்களுக்கு வாங்கித் தருகிறேன் என்று வருபவரும் உண்டு. மார்க்கத்தில் அது தடுக்கப்பட்டது. அதோடு, நாளை உங்களை உடைக்கவும் அவருக்குக் கை வராமல் போகாது.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாம் என்று தரகர் யோசனை சொன்னால், சாட்சிக் கையெழுத்துப் போடும் உங்கள் உறவினரையும் சேர்த்துப் பொய்ச் சாட்சியில் இறக்குகிறார் என்று புரிந்து கொள்ளுங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுத்தும் இருக்கிறது. ‘பவர்’ எழுதி வாங்கிக் கொண்டு விற்பவரிடம், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். கொடுத்தவர் மவுத்தானால் வகாலத் முறிந்துவிடும் என்பது ஃபிக்ஹு. நாட்டுச் சட்டமும் பொதுவாக அவ்வாறே. வெறும் பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியும் உள்ளது.

ஆண்கள் சபுரில் இருக்கும் வீடுகளில் பெண்களே தரகரிடம் பேச வேண்டியிருக்கிறது. மஹ்ரமான ஒருவரையோ மஹல்லாவின் பெரியவர் ஒருவரையோ உடன் வைத்துக் கொண்டு தாராளமாகப் பேசலாம். தம் பெயரில் வாங்கவும் விற்கவும் மார்க்கம் அவர்களுக்கு முழு உரிமை தந்துள்ளது. பெண்கள் கேட்கும் கேள்வியை ‘பேசி முடிச்சாச்சு’ என்று தட்டிக் கழிப்பதை மட்டும் வீட்டு ஆண்கள் அனுமதிக்க வேண்டாம்.

கடைசியாக, தரகரைப் பற்றி விசாரித்தால் சொல்பவருக்குப் புறம் பேசிய பாவம் வந்துவிடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி யோசனை கேட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் இருவரிடமும் உள்ள குறையை எடுத்துச் சொன்னார்கள். யோசனை கேட்பவரிடம் தேவையான அளவு உண்மையைச் சொல்வது, தடுக்கப்பட்ட புறம் பேசுதலில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் எழுதியுள்ளார்கள். தேவையில்லாமல் போய்ச் சொல்வதுதான் கூடாது. நாம் குறிப்பிட்ட அந்தத் தரகரைப் பற்றி இப்போதும் நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. அவர் இன்றும் முதல் ஸஃப்பில் நிற்கிறார். கேட்பவருக்கு நடந்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுகிறோம். நாம் வாய் மூடி உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து.